மஞ்சள் சுடிதார்



இந்தப் பகுதிக்கு நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. ரசம் வைப்பது, பழைய சேலையில் மிதியடி தைப்பது என்று ஏதாவது எழுதலாம் என்று பலமுறை நினைத்து, சோம்பலில் விட்டிருக்கிறேன். இதை விட முடியவில்லை. பத்து வருஷத்துக்கு மேலாக மனசில் கிடக்கிற விஷயம். படித்துவிட்டு என்னைத் திட்டினாலும் பரவாயில்லை.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது தூர்தர்ஷனில் 'காணவில்லை' அறிவிப்பு வரும். நினைவிருக்கிறதா? கறுப்பு வெள்ளையில் மங்கலாக ஒரு படம். வயது, உயரம், மாநிறம், காணாமல் போன அன்று உடுத்தியிருந்த உடை... ஒரே குரலில் வாசித்துக்கொண்டே போவார்கள். எங்கள் வீட்டில் அதுதான் எல்லாரும் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிற நேரம். எங்க அம்மாயி மட்டும் எழுந்திருக்காது. கடைசிப் படம் வரை பார்த்துவிட்டு, "பெத்தவ வயிறு எப்படிப் பத்தும்டி கண்ணு" என்று சொல்லும். எனக்கு அப்போது அது புரியவில்லை.

எங்கள் வீட்டுக்காரருக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் வேலை. நான் வீட்டிலிருந்தே பிசிறு வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக்குப் பின்சந்தில் ஒரு லைன் வீடு. ஆறு குடும்பம், ஒரே குழாய். அதில் கடைசி வீட்டில் மதுரைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த ஓர் அம்மா. புருஷன் இல்லை. மூத்தது பெண், பத்தொன்பது வயசு, பனியன் கம்பெனியில் கைமடி. இளையவன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். அந்தப் பெண் தினமும் எட்டு மணிக்குள் முக்குக்கு வந்து கம்பெனி வேனில் ஏறும். என்னைப் பார்த்தால் சிரிக்கும், அவ்வளவுதான் பழக்கம்.

2014ஆம் வருஷம், ஆடி மாசம். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கிளம்பியது, வேனில் ஏறவில்லை. கம்பெனிக்கும் போகவில்லை. ராத்திரி வரை வரவில்லை. அந்த வீட்டில் அம்மாவுக்கும் மகளுக்கும் சேர்த்து ஒரே போன், அதுவும் அம்மாவிடம்தான் இருந்தது.

மறுநாள் காலையில் குழாயடியில் இதே பேச்சு. அப்போது நான் ஒன்று சொன்னேன்.

"நேத்து பஸ் ஸ்டாண்டு பக்கம் போயிருந்தனுங்க. மஞ்சச் சுடிதார் போட்ட ஒரு பொண்ணு யாரு கூடயோ பைக்குல உக்காந்து போச்சு. அந்தப் புள்ளைகிட்ட ஒரு மஞ்சச் சுடிதார் இருக்குதில்லீங்க? அதா இருக்குமோ என்னமோ..."

இவ்வளவுதான் சகோதரிகளே நான் சொன்னது. முகத்தை நான் பார்க்கவில்லை, முதுகைத்தான் பார்த்தேன். கடைசியில் 'என்னமோ' என்றும் சேர்த்தேன். அந்த 'என்னமோ' குழாயடியைத் தாண்டவே இல்லை.

சாயங்காலம் பால் வாங்கப் போனால் கடைக்காரம்மா என்னிடமே சொல்கிறார்கள். "ஏனுங்க அம்மிணி, சேதி தெரியுங்களா? அந்தப் புள்ள பையனோட பைக்குல போனதைக் கண்ணால பாத்தவங்க இருக்கறாங்களாமா!" அந்தக் 'கண்ணால பார்த்தவங்க' நான்தான் என்று எனக்கே அரை நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது. இரண்டு நாளில் அந்தப் பையனுக்கு ஒரு ஊர் வந்துவிட்டது, ஜாதி வந்துவிட்டது, பைக்கின் நிறம்கூட வந்துவிட்டது. மூன்றாம் நாள், அவன் வேலை பார்க்கிற கம்பெனியின் பேரையே ஒருத்தர் சொன்னார்.

நான் மறுத்திருக்கலாம். "நான் அப்படிச் சொல்லலைங்க" என்று நாலு பேரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பேச்சில் மாட்டிக்கொள்வோமோ என்று பயம். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். எல்லாரும் என்னிடம் வந்து வந்து கேட்டபோது உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சொந்தக்காரர்கள் வந்தார்கள். "ஓடிப்போன கழுதைக்காகப் போலீஸ்ல போயி நின்னா நம்ம மானந்தான் போகும். ஒரு வாரம் பொறு, கழுத்துல தாலியோட வந்து வாசல்ல நிப்பா" என்றார்கள். அந்த அம்மாவும் பொறுத்தார்கள். பதினோராம் நாள்தான் புகார் கொடுக்கப் போனார்கள்.

எந்த ஸ்டேஷன் என்று எழுத மாட்டேன். அங்கேயும் இதே கேள்விதான் முதலில் வந்ததாம். "யார் கூடப் போச்சு?" பிறகு எழுதிக்கொண்டார்கள். கேமராவில் தேடலாம் என்று போனபோது, அந்த நாளின் படம் அழிந்து, அதன் மேல் புதிய படம் பதிவாகியிருந்தது. கேமராப் பெட்டியில் இத்தனை நாள்தான் நிற்கும் என்று ஒரு கணக்கு இருக்கிறதாம், அப்போதுதான் தெரிந்தது. முதல் இரண்டு மூன்று நாளில் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும்.

அந்த அம்மாவுக்கு எழுத்து தெரியாது. புகார் ரசீதை என்னிடம் கொண்டுவந்து, "வாசிச்சுச் சொல்லு தாயி" என்றார்கள். திண்ணையில் உட்கார்ந்து வாசித்தேன். பெயர், வயது, உயரம்... 'காணாமல் போன அன்று அணிந்திருந்த உடை: பச்சை நிறச் சுடிதார்.'

பச்சை!

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அதோடு மடித்துக் கொடுத்துவிட்டு, உள்ளே போய் அடுப்பைப் பார்ப்பதுபோல் நின்றேன்.

* * *

இதற்கு அப்புறம்தான், காணாமல் போனவர்களைப் பற்றி எந்தச் செய்தி வந்தாலும் நின்று படிக்க ஆரம்பித்தேன். அப்படி நான் விடாமல் தொடர்ந்தது கேரளத்து ஜெஸ்னாவின் செய்தி. நம்மூரிலிருந்து சபரிமலைக்குப் போகிறவர்களுக்கு எருமேலி தெரியாமல் இருக்காது. அந்தப் பக்கத்துப் பெண். ஜெஸ்னா மரியா ஜேம்ஸ். காஞ்சிரப்பள்ளி செயின்ட் டோமினிக் கல்லூரியில் பி.காம். இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தது, வயசு இருபது. அம்மா 2017இல் காய்ச்சலில் இறந்துபோனார்கள். 2018 மார்ச் 22 காலையில், முண்டக்கயம் பக்கம் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போய் வருகிறேன் என்று கிளம்பியது. ஆட்டோவில் முக்கூட்டுத்தறை, அங்கிருந்து பஸ்ஸில் எருமேலி. அதுவரை தெரிகிறது. செல்போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தது. அத்தை வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை.

அதற்குப் பிறகு அந்தப் பெண்ணை எத்தனை ஊரில் 'பார்த்தார்கள்' தெரியுமா? பெங்களூரில் பார்த்தோம் என்றார்கள். மலப்புறத்தில் பார்க்கில் பார்த்தோம் என்றார்கள். ஒவ்வொன்றுக்கும் போலீஸ் ஓடியது. நம் செங்கல்பட்டுப் பக்கம் எரிந்த நிலையில் ஒரு பெண்ணின் உடல் கிடைத்தபோது, அது ஜெஸ்னாவாக இருக்குமோ என்று கேரளத்திலிருந்து வந்து பார்த்தார்கள். இல்லை. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. 'ஜெஸ்னா இல்லை' என்றதும் எல்லாரும் மூச்சு விட்டோம். எரிந்து கிடந்தவளும் ஒருத்தி பெற்ற மகள்தானே!

போலீசார் ஒரு யோசனை செய்தார்கள். தெரிந்தவர்கள் பேர் சொல்லப் பயப்படலாம் என்று, ஊர் ஊராகப் பெட்டி வைத்தார்கள், தபால் பெட்டி மாதிரி. தெரிந்ததை எழுதிப் போடலாம். துப்பு கொடுத்தால் ஐந்து லட்சம் பரிசு என்றும் அறிவித்தார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அதில் விழுந்த கடிதங்களில் எத்தனை கண்ணால் பார்த்தது, எத்தனை மனசில் தோன்றியது? அந்தப் பெண்ணின் அப்பா கட்டிட வேலை எடுத்துச் செய்கிறவர். அவர் கட்டிக்கொண்டிருந்த வீட்டில் தோண்டிப் பார்க்க வேண்டும் என்று பேச்சு கிளம்பியது. 'த்ருஷ்யம்' என்று 2013இல் வந்த மலையாளப் படம்... நம் தமிழில் கமல் நடித்து 'பாபநாசம்' என்று 2015இல் வந்ததே, அதேதான். கட்டிக்கொண்டிருக்கும் கட்டிடத்தின் அடியில் புதைப்பது. சினிமாவில் பார்த்ததை நிஜத்தில் ஒரு தகப்பன் மேல் வைத்துப் பேசினார்கள். போலீஸ் போய்த் தோண்டியும் பார்த்தது. ஒன்றும் இல்லை.

பெண்டாட்டி போய் ஒரு வருஷம் ஆகவில்லை, மகளைக் காணோம். தான் கட்டிய வீட்டில் மண்வெட்டியோடு போலீஸ்! அந்த மனுஷன் அன்று ராத்திரி சாப்பிட்டிருப்பாரா?

கூடப் படித்த பையனையும் விடவில்லை. அந்தப் பெண்ணோடு போனில் பேசியிருக்கிறான் என்பதற்காக, அவன்தான் ஒளித்து வைத்திருக்கிறான், அவன்தான் எல்லாம் என்று வருஷக்கணக்கில் பேசினார்கள். எத்தனை முறை விசாரித்தார்கள் என்று கணக்கே இல்லை. பிறகு மதம் மாற்றிக் கூட்டிப் போய்விட்டார்கள், வெளிநாட்டுக்கே கடத்திவிட்டார்கள் என்று அடுத்த அலை.

ஹைகோர்ட் சொல்லி 2021இல் வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. சர்வதேச போலீஸ் வழியாக மஞ்சள் நோட்டீஸ் போட்டார்கள். காணாமல் போனவர்களைத் தேடுவதற்கு இன்டர்போல் கொடுப்பது மஞ்சள் நோட்டீஸ், குற்றவாளிக்குக் கொடுப்பது சிவப்பு. (இதிலும் மஞ்சளா என்று எனக்குச் சுருக்கென்றது.) அப்பாவுக்கும் அந்தப் பையனுக்கும் உண்மை அறியும் சோதனை வரை நடத்தினார்கள். 2024 ஜனவரியில் கோர்ட்டில் அறிக்கை கொடுத்தார்கள். உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. மதமாற்றம் என்றதற்கு ஆதாரம் இல்லை. இத்தனை வருஷம் இத்தனை பேர் இத்தனை உறுதியாகச் சொன்ன எதுவும் நிற்கவில்லை. அப்பா விடவில்லை, மறுபடி கோர்ட்டுக்குப் போனார். 2024 மே மாதம் மேலும் விசாரிக்கச் சொல்லி உத்தரவானது. மூன்று மாதத்தில், முண்டக்கயத்தில் ஒரு லாட்ஜில் முன்பு வேலை பார்த்தவர், அந்தப் பெண் மாதிரி ஒருத்தியைப் பார்த்தேன் என்று சொல்ல, மறுபடி டி.வி.யெல்லாம் அதே படம்.

எனக்குத் தெரிந்து ஒன்று உண்டு. பொய் சொல்கிறோம் என்று நினைத்து யாரும் பொய் சொல்வதில்லை. மஞ்சள் சுடிதாரை நான் உண்மையாகவே பார்த்தேன். அந்தப் பெண்ணிடம் மஞ்சள் சுடிதார் இருந்ததும் உண்மை. இரண்டு உண்மையையும் ஒட்ட வைத்தது மட்டும்தான் நான்.

* * *

இதெல்லாம் நம் நாட்டில் மட்டும்தான், படிப்பறிவு இல்லாததனால்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் மகள் கல்லூரி லைப்ரரியிலிருந்து ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து, ஆஸ்திரேலியாவில் நடந்த ஒன்றைப் படித்துச் சொன்னாள். கேட்டு நான் அன்று அடுப்பே பற்றவைக்கவில்லை.

1980 ஆகஸ்ட் 17. உலுரு என்று பெரிய சிவப்புப் பாறை இருக்கிற இடம். லிண்டி சேம்பர்லேன் என்ற அம்மா, புருஷன் பிள்ளைகளோடு அங்கே கூடாரம் போட்டுத் தங்கியிருந்தார். கைக்குழந்தை அசாரியாவுக்கு ஒன்பது வாரம். ராத்திரி குழந்தையைக் காணோம். டிங்கோ என்கிற காட்டு நாய் தூக்கிப் போய்விட்டது என்று அந்த அம்மா கத்தினார். முதலில் விசாரித்த அதிகாரி அதை ஏற்றுக்கொண்டார். ஆனால் ஊர் ஏற்கவில்லை. ஏன் தெரியுமா? அந்த அம்மா டி.வி.யில் அழவில்லை! பேட்டியில் நிதானமாகப் பேசினார். நன்றாக உடுத்தியிருந்தார். குழந்தைக்குக் கறுப்பு உடை போட்டிருந்தாராம், அசாரியா என்ற பேருக்கே 'வனத்தில் பலி' என்று அர்த்தமாம்... இப்படிப் போனது பேச்சு. அந்தப் பேருக்கு அப்படி அர்த்தமே கிடையாது.

மறுபடி வழக்கு நடந்து 1982இல் ஆயுள் தண்டனை கொடுத்துவிட்டார்கள். அப்போது அந்த அம்மா நிறைமாசக் கர்ப்பிணி. ஜெயிலில் இருக்கும்போதே பெண் குழந்தை பிறந்தது, எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். காரில் ரத்தக் கறை என்று கோர்ட்டில் காட்டியது ரத்தமே இல்லை, கார் செய்யும்போது சத்தம் கேட்காமலிருக்கப் பூசுகிற ரசாயனம் என்று பின்னால் தெரிந்தது. 1986இல் அந்தக் குழந்தையின் மேல்சட்டை நாய் வளைகள் இருக்கிற பக்கம் கிடைத்தது. அதற்குப் பிறகுதான் வெளியே விட்டார்கள். 1988இல் தண்டனை ரத்தானது. குழந்தையின் இறப்புச் சான்றில் 'டிங்கோ' என்று எழுத 2012 வரை ஆனது. முப்பத்திரண்டு வருஷம்!

அழுதால் நடிக்கிறாள், அழாவிட்டால் கல் நெஞ்சக்காரி. எங்கள் பின்சந்து அம்மாவையும் அப்படித்தான் சொன்னார்கள். பதினைந்தாம் நாள் அவர்கள் வேலைக்குப் போனார்கள். "மக போயி ரெண்டு வாரம் ஆகலை, டிபன் டப்பாவைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டாளே, எல்லாந் தெரிஞ்சுதான் வச்சிருக்கா" என்றார்கள். வாரக் கூலி வராவிட்டால் சனிக்கிழமை அரிசிக்கு என்ன செய்வார்கள் என்று யோசிக்கவில்லை. அப்புறம் ரேஷன் கார்டு. அதில் மகள் பேரை எடுக்காமலே வைத்திருக்கிறார்கள். "அரிசிக்காக வச்சிருக்கா" என்று ஒரு பேச்சு. கடையில் கார்டை நீட்டும்போது அந்த அம்மாவின் பெருவிரல் முதலில் போய் எந்தப் பேரின் மேல் நிற்கிறது என்று நான் பார்த்திருக்கிறேன்.

நம் அவிநாசியப்பர் கோயில் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சுந்தரர் வந்தபோது இந்த ஊருக்குத் திருப்புக்கொளியூர் என்று பேர். ஒரு வீட்டில் பூணூல் கல்யாணம், மேளச் சத்தம். எதிர்வீட்டில் அழுகை. குளத்துக்கு ஒன்றாகக் குளிக்கப் போன இரண்டு பையன்களில் ஒருவனை முதலை விழுங்கிவிட்டது. சில வருஷம் கழித்து, இன்னொருவனுக்கு இங்கே விசேஷம். சுந்தரர் பாடி, முதலை வாயிலிருந்து பையன் வளர்ந்தவனாக வந்தான் என்பது வரலாறு. பங்குனி உத்திரத்தில் தாமரைக்குளத்தில் இதை விழாவாகவே நடத்துகிறார்கள். கூட்டத்தில் நின்று நானும் கும்பிட்டிருக்கிறேன். இப்போதெல்லாம் எனக்கு நடுவில் இருந்த அந்த வருஷங்கள்தான் ஞாபகம் வருகின்றன. முதலையை யார் பார்த்தார்கள்? கூடப் போன சின்னப் பையன் ஒருத்தன் சொன்னதுதானே. அந்தத் தாயை எதிர்வீடும் பக்கத்து வீடும் என்னவெல்லாம் கேட்டிருக்கும்!

எல்லாரும் திரும்பி வராமல் இருப்பதும் இல்லை. நம் பக்கத்துச் சென்னிமலைக்காரர், முகிலன் என்கிற சுற்றுச்சூழல் போராளி, 2019 பிப்ரவரி 15 அன்று சென்னை எழும்பூரிலிருந்து காணாமல் போனார். தூத்துக்குடி துப்பாக்கிச் சூடு பற்றி அன்றுதான் பத்திரிகைக்காரர்களிடம் பேசியிருந்தார். கொன்றேவிட்டார்கள் என்று பாதிப் பேர், ஒளிந்திருக்கிறார் என்று பாதிப் பேர். ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போட்டார்கள். ஜூலை 6ஆம் தேதி திருப்பதி ரயில்வே ஸ்டேஷனில் இருந்தார். அப்புறம் நடந்த வழக்கெல்லாம் வேறு கதை. நூற்று நாற்பது நாள் அந்த வீட்டில் இருந்தவர்கள் இரண்டு பேச்சையும் மாறி மாறிக் கேட்டிருப்பார்கள், அதைச் சொல்கிறேன்.

* * *

சில விஷயங்களை எங்களுக்கு அன்று யாரும் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன், கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் பொறுத்துப் பார், இருபத்திநாலு மணி நேரம் ஆகட்டும் என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை. காணோம் என்று தெரிந்த அப்போதே போகலாம். எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம், எல்லை வேறு என்று திருப்பி அனுப்பக் கூடாது. 2024 ஜூலையிலிருந்து நடப்புக்கு வந்த புதுச் சட்டத்தில் இதைத் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். பதினெட்டு வயசுக்குள் இருக்கிற பிள்ளை என்றால் வழக்கே பதிய வேண்டும் என்று 2013இல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. ரசீது வாங்காமல் எழுந்து வரக் கூடாது. அவசரத்துக்கு 112, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. வயசுக்கு வந்த பெண் தன் இஷ்டத்தில் போயிருந்தாலும்கூட, நல்லபடியாக இருக்கிறாளா என்று தெரிந்துகொள்ளத்தான் புகார். அதில் மானம் போக ஒன்றுமே இல்லை. எனக்கு இன்றைக்கும் ஆறாதது இதுதான். "ஓடிப்போயிட்டா" என்ற ஒரு வார்த்தையில்தான் அந்தப் பதினோரு நாள் போனது.

உடம்பில் போட்டிருந்த துணி என்ன, செருப்பு என்ன, மச்சம் எங்கே என்று அன்றைக்கே ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள். நாலு நாளானால் நமக்கே மறந்துவிடும்.

ஏழு வருஷக் கணக்கும் ஒன்று இருக்கிறது. ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட வேண்டியவர்கள் ஏழு வருஷம் ஒன்றுமே கேள்விப்படாவிட்டால், உயிரோடு இருக்கிறார் என்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்று சாட்சியச் சட்டத்தில் சொல்லியிருக்கிறதாம். பழைய சட்டத்தில் 108ஆம் பிரிவு, புதுச் சட்டத்தில் 111. கணக்கு முடிந்ததும் தானாகச் சான்றிதழ் வந்துவிடாது, கோர்ட்டுக்குப் போக வேண்டும். புருஷன் காணாமல் போன பெண்களுக்கு இது பெரிய அவஸ்தை. வாரிசுச் சான்று, பேங்க் பணம், விதவைப் பென்ஷன் எல்லாம் இதில்தான் தொங்குகிறது. குங்குமம் வைக்கலாமா கூடாதா என்று கேட்க மட்டும் ஊரில் எல்லாருக்கும் நேரம் இருக்கிறது.

எங்கள் பின்சந்து அம்மாவுக்கு 2021இல் ஏழு வருஷம் ஆனது. விவரம் தெரிந்த ஒருத்தர் வந்து, "கோர்ட்டுல எழுதி வாங்கீட்டீங்கன்னா ஒரு முடிவாப் போயிருமுங்க" என்றார். "எனக்கு எதுக்கய்யா முடிவு" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்கள்.

2024 ஜனவரியில் ஜெஸ்னா வழக்கில் கண்டுபிடிக்க முடியவில்லை என்று செய்தி வந்தபோது, அந்த அம்மா எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள். டி.வி.யைப் பார்த்துக்கொண்டே, "அந்தப் பிள்ளைக்காவது இத்தனை பேர் தேடுதாக" என்றார்கள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. டி.வி.யை நிறுத்தினேன். குழாயடியில் நான் சொன்னதைச் சொன்னேன். முகத்தைப் பார்க்காததைச் சொன்னேன். ரசீதில் பச்சை என்று படித்தபிறகும் வாயை மூடிக்கொண்டிருந்ததையும் சொன்னேன். பத்து வருஷம் ஒளித்து வைத்தது, சொல்ல ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்கள். அப்புறம் சொன்னார்கள்.

"தெரியும் தாயி. நீதான் சொன்னேன்னு அன்னைக்கே வந்து சொல்லிட்டாக. மஞ்சச் சுடிதார்னு சொன்னதும் எனக்குத் திக்குனு ஆச்சு. ஏன்னா மஞ்சச் சுடிதாரு வீட்டுக் கொடியில காயுது. பச்சைதான் போட்டுட்டுப் போனா. எனக்குத் தெரியும்ல?"

"தெரிஞ்சுமா அக்கா பதினோரு நாள் சும்மா இருந்தீங்க?"

"பைக்குல போறா, எவன் கூடயோ நல்லா இருக்கான்னு நினைச்சுக்கிடலாம்ல. பச்சைச் சுடிதாருக்கு ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலையே தாயி. நீ சொன்னது ஒண்ணுதான் அவ உசுரோட இருக்கான்னு சொன்ன பேச்சு."

இதற்கு என்ன பதில் சொல்வது? எனக்குத் தெரியவில்லை. நான் மன்னிப்புக் கேட்க நினைத்து ஆரம்பித்தது, எங்கேயோ போய் நின்றுவிட்டது. காபி போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனார்கள்.

அந்த லைன் வீட்டை இன்னும் காலி செய்யவில்லை. வாடகை மூன்று மடங்கு ஆகிவிட்டது, மழை பெய்தால் ஒழுகுகிறது. மகன் இப்போது ஓவர்லாக் டெய்லர், நன்றாகச் சம்பாதிக்கிறான். வேறு வீடு பார்க்கலாம் என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டான். "அவளுக்குத் தெரிஞ்சது இந்த வீடுதானப்பா" என்கிறார்கள். வேலைக்குப் போகும்போது சாவியை எங்கள் வீட்டில்தான் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். மகனிடம் வேறு சாவி இருக்கிறது. இது யாருக்கு என்று நான் கேட்டதில்லை. பூஜை அலமாரியின் ஆணியில் மாட்டி வைக்கிறேன்.

போன தை மாசம் அவனுக்குக் கல்யாணம். பத்திரிகை அடிக்க என்னையும் துணைக்குக் கூட்டிப்போனார்கள். அச்சாபீஸில் பையன் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு பேராக அடித்துக்கொண்டே வந்தான். 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்ற இடம் வந்ததும் அந்த அம்மா மகளின் பேரைச் சொன்னார்கள். ஏற்கெனவே எழுதிக் கொடுத்த காகிதத்தில் அந்தப் பேர் இல்லை.

"இது யாருங்கம்மா? மாப்பிள்ளைக்கு என்ன வேணுமுங்க?" என்று கேட்டான்.

"அக்கா. மூத்தவ. பேரு முதல்ல வரணும்யா" என்றார்கள்.

அவன் அடித்தான். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று என்னைப் பார்க்கச் சொன்னார்கள். இரண்டு முறை வாசித்துப் பார்த்தேன். சரியாக இருந்தது.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
அவிநாசி.